மலை காட்டாத துறை
ஸ்பானியக் கரைக்குப் புறப்படும் இளம் படகோட்டிக்குக் குருணிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் தாயார் நேற்று மாலை வீட்டுக்கு வந்திருந்தார்கள். நீ லங்காவியில், தெலாகா துறையில் பார்த்துவந்த வேலையை விட்டு ஸ்பெயின் தேசத்துக்குப் போகிறாய் என்றும், அங்கே வீகோ என்னும் ஊரில் ஒரு பாய்ப்படகை ஏற்றுக்கொண்டு, போர்த்துக்கலின் கரையோரமாக இறங்கி, ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடந்து, வலென்சியா வரையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு முதன்முறையாக உன் ஒருவன் தலையில் வந்திருக்கிறது என்றும், சந்தோஷமும் கலக்கமும் சேர்ந்த குரலில் சொன்னார்கள். "நடுக்கடலில் பிள்ளை என்ன செய்வானோ?" என்று அவர்கள் கேட்டபோது நான் சிரித்துக்கொண்டேன். நடுக்கடலில் நீ நன்றாகவே செய்வாய். அங்கே இடறுவதற்கு எதுவும் இல்லை. கடல் முடிந்து கரை தொடங்குகிற அந்தக் கடைசி அரை மைலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீகோவுக்கும் வலென்சியாவுக்கும் நடுவில், முன்பின் பார்த்திராத இருபது துறைகளுக்குள்ளாவது நீ பிரவேசிக்க வேண்டியிருக்கும். அந்த இருபது பிரவேசங்களை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

குருணில் பிறந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. கடல் நமக்கு மேற்கே பத்து மைல்கூட இராது. ஆனாலும் நடுவில் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்பதால், பால்மரக் காட்டிலே, அதாவது ரப்பர்த் தோட்டத்திலே, பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பந்தாய் மெர்டேக்காவுக்குப் போகும்வரையில் கடலைக் கண்ணால் கண்டதில்லை. கடலில் இருக்கிறவன் கதை இதற்கு நேர்மாறு. அவனுக்கு முதலில் தெரிவதே அந்த மலைதான். நமக்குக் கடலை மறைக்கிற அதே மலை, கடலில் வருகிறவனுக்கு நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. நானும் ஓர் அந்நியனைப் போலக் கப்பல் தட்டில் நின்று, சொந்த ஊர் மலையை அதன் முதுகுப்பக்கத்திலிருந்து முதன்முதலாகப் பார்த்த நாளில், இத்தனை வருஷமும் இதன் முகத்தையா பார்த்தோம், பிடரியையா பார்த்தோம் என்று திகைத்துப் போனேன்.

வங்காள விரிகுடாவைக் கடந்து கிழக்கே வந்த பழைய மரக்கலங்களுக்கு, கடாரம் என்ற நம் கெடாவின் அடையாளம் இந்த மலையே. ஆகாயம் நிர்மலமாக இருந்தால், உயரத்தைக் கொண்டு போடும் கணக்கின்படி, ஏறக்குறைய 70 கடல் மைலுக்கு அப்பாலேயே அதன் சிகரம் நீருக்கு மேலே ஒரு சிறு நீலக் கறையாகத் தோன்ற வேண்டும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்த பண்டங்களுள் காழகத்திலிருந்து வந்ததும் சொல்லப்படுகிறது. காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். ஈ-சிங் என்ற சீனத் துறவி ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போகும் வழியில் இங்கே வந்து தங்கி, பருவம் பார்த்திருந்து கலமேறினார். 1025ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழனின் படை வந்தது. இவர்களையெல்லாம் விட எனக்கு நெருக்கமானவன் வேறொருவன். செபராங் பிறைப் பகுதியில் 1834ஆம் ஆண்டு ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி கண்டெடுத்த ஒரு கற்பலகையில், ரக்தமிருத்திகை என்னும் வங்காளத்து ஊரிலே குடியிருந்த புத்தகுப்தன் என்ற மகாநாவிகன், யாத்திரை சித்தியாக வேண்டும் என்ற பிரார்த்தனையைச் சமஸ்கிருதத்தில் பொறித்து வைத்திருக்கிறான். எழுத்தின் அமைப்பைக் கொண்டு அது ஐந்தாம் நூற்றாண்டினது என்கிறார்கள். கல் இப்போது கல்கத்தாப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அரசன் அல்லன், பிக்கு அல்லன். உன்னைப்போல, என்னைப்போலக் கலம் செலுத்திப் பிழைத்தவன். 'மகா' என்ற அடைமொழி பெறுமளவுக்குத் தொழிலில் தேர்ந்தவனே, பத்திரமாய்ப் போய்ச்சேர வேண்டுமென்று கல்லில் வெட்டி வைத்தான் என்றால், கரை சேர்வது எத்தனை சந்தேகமான காரியம் என்பதை அவன் அறிந்திருந்தான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் சந்தேகம்? மலைதான் தெரிகிறதே! தெரிகிறது; ஆனால் மலை நாட்டைக் காட்டுமேயன்றித் துறையைக் காட்டாது. ஜெராயைக் குறிவைத்துக் கரையை நெருங்கினால், கீழே இருப்பது சேறும், அலையாத்திக் காடும், ஆழங்குறைந்த மங்கிய நீரும். யான் ஆற்றின் வாயும், மெர்போக் ஆற்றின் வாயும், மூடா ஆற்றின் வாயும் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைச் சுவரில் விழுந்த கீறல்களாக ஒன்றுபோலவே இருக்கும். எந்தக் கீறல் வழி, எந்தக் கீறல் பொறி என்பதை மலை சொல்லாது. அதை உள்ளூர்ச் செம்படவன் ஒருவன்தான் சொல்ல முடியும். போதாக்குறைக்குக் கரையும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. சுங்கை பத்துவில் 2009 முதல் தோண்டிப் பார்த்து, இரும்பு உருக்கிய உலைகளையும், படகுத்துறைகளின் செங்கல் அடித்தளங்களையும் வெளிக்கொணர்ந்தார்களே, அந்த இடத்தை நீ பார்த்திருப்பாய்: மரக்கலங்கள் கட்டிய துறைக்கு இன்று எண்ணெய்ப்பனைதான் காவல் நிற்கிறது.

உன் படகில் இருக்கும் மின்திரையே உன் காலத்து ஜெராய் மலை என்று நினைத்துக்கொள். அது ஆகாயத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு நீ இருக்கும் இடத்தைச் சில அடிகளுக்குள் சொல்லிவிடும்; எங்கள் காலத்தில் நாங்கள் கனவு கண்டிராத சௌகரியம் அது, அதைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் திரையில் உன் படகு சரியான இடத்தில் நிற்கும். துறைதான் பழைய இடத்தில் நின்றுகொண்டிருக்கும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து, நீ வேலை பார்த்த அந்தத் தெலாகாவின் மிதவை மேடைகளையே பிய்த்துப் போட்டதை மூத்தவர்கள் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அன்று மாலை அங்கே வந்த படகுக்கு வரைபடம் என்ன பிரயோசனப்பட்டிருக்கும்? நீ போகும் கரையிலும் 2020 ஜனவரியில் குளோரியா என்று பெயரிட்ட புயல் ஒன்று கதலோனியாவிலிருந்து வலென்சியா வரை அடித்து, கரையையும் துறைகளையும் உலுக்கிவிட்டுப் போயிற்று. பெரும்புயல் வேண்டியதில்லை, கிழக்குக் காற்று ஒரு வாரம் தொடர்ந்து வீசினாலே போதும், அந்தக் கரையின் சிறு துறைகளின் வாசலில் மணல் வந்து குந்திக்கொள்ளும். ஆகவே, போகும் துறைக்கு ஒருநாள் முன்னதாகவே தொலைபேசியில் பேசி, வாசலில் இப்போது தண்ணீர் எவ்வளவு என்று கேள். புத்தகத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி "சரிதானே?" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

நம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்த விதத்தை நினைத்தால், வந்துசேர்வதைப் பற்றி நமக்கு ஒரு பரம்பரை அநுபவமே இல்லை என்று சொல்லத் தோன்றும். என் தகப்பனார் 1937இல், இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர்களை உதவி கொடுத்து அனுப்புவதை நிறுத்துவதற்கு முந்தின வருஷம், நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, தோணியில் போய்த் தொற்றி ஏறவேண்டும். பினாங்கை அடைந்ததும் கரை இறங்க விடாமல், ஜெரஜாக் தீவில் வியாதி உண்டா என்று பார்க்க அடைத்து வைத்தார்கள். பிறகு ஒரு கங்காணி பெயர் கூப்பிட்டான், இவர் போனார். துறையைத் தேர்ந்தவரும் அவர் அல்லர், காற்றைப் பார்த்தவரும் அவர் அல்லர். "எந்த ஊருக்கு வந்தோம் என்று எனக்கு மூன்றாம் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேதான் தெரிந்தது" என்பார். அவருடைய பேரன் வயதுள்ள நீ, ஒரு படகின் தண்டலாக, எந்தத் துறையில் எந்த நேரம் எந்தப் பக்கமாகக் கட்டுவது என்று நீயே தீர்மானிக்கப் போகிறாய். தோட்டத்தில் தண்டல் என்றால் ஆளை விரட்டுகிறவன். தமிழ்க் கடற்கரையில் தண்டல் என்றால் தோணியின் தலைவன். ஒரே சொல்லுக்கு இத்தனை தூரமா என்று நான் யோசிப்பதுண்டு.

இனி என் கதை ஒன்று. துறையின் பெயர் வேண்டாம். அதன் மேல் தப்பும் இல்லை. சோமாலியக் கொள்ளையர் பயம் வருவதற்கு முன்னே, லங்காவியிலிருந்து தை மாதத்து வடகிழக்குக் காற்றில் புறப்பட்டு, காலி, சலாலா, ஏடன் என்று தொட்டுத் தொட்டு, செங்கடல் ஏறி, சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போவது பாய்ப்படகுக்காரர்களின் வழக்கம். அப்படி ஒரு படகில் இயந்திரக்காரனாய்ப் போன நான், அங்கே சில பருவம் தங்கி, கடைசியில் உன்னைப்போல ஒரு படகைத் தனிப்பொறுப்பில் ஏற்றேன். ஸ்பெயினின் கிழக்குக் கரையில் ஒரு சிறு துறையின் வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் நாலு மணி. இரண்டு இரவுகள் சரியாய்த் தூங்கவில்லை. குளிக்க வேண்டும், சூடாய் ஒரு வாய் சோறு வேண்டும் என்ற எண்ணமே மனசு முழுதும் நிறைந்திருந்தது. அலைதாங்கிச் சுவரைத் தாண்டி உள்ளே புகுந்ததும் கடலின் ஆட்டம் நின்றது. ஆட்டம் நின்றதும் ஆபத்தும் நின்றுவிட்டது என்று மனசு தானே முடிவுகட்டிவிட்டது.

அந்தக் கரையில் வெயில் ஏறினதும் கடற்காற்று எழும்பி, மத்தியானத்துக்கு மேல் உரம்பெறும். அது என் முதுகுப்பக்கமாய் வந்தது. அங்கே படகைப் பக்கவாட்டில் கட்டுவதில்லை. அமரத்தை, அதாவது பின்பக்கத்தை மேடைக்குக் காட்டி, இரண்டு படகுகளுக்கு நடுவிலுள்ள சந்தில் பின்னோக்கிச் சொருக வேண்டும். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, பிடித்து நிறுத்த, கடலடியில் ஒரு பெரிய சிமெண்டுக் கட்டையைப் போட்டு, அதிலிருந்து கனமான கயிறு ஒன்றை மேடைவரை கிடத்தி வைத்திருப்பார்கள். நான் இயந்திரத்தைப் பின்னோக்கிப் போட்டேன். காற்று அணியத்தைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளியது. அதைத் திருத்துவதற்காக இயந்திரத்தை இன்னும் உரக்க விட்டேன். பின்னோக்கிச் சுழலும் விசிறி படகின் பின்பக்கத்தை நேராய் இழுக்காமல் ஒரு பக்கமாய் இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தது ஞாபகத்துக்கு வரவில்லை. அதற்குள் துணையாள் அந்த அடிக்கயிற்றைத் தூக்கிவிட்டான். தளர்ந்து மிதந்த கயிறு விசிறியில் சுற்றிக்கொண்டது. இயந்திரம் ஒரு விக்கலோடு நின்றது. பக்கத்திலிருந்த இரண்டு படகுகளின் நங்கூரக் கொக்கிகளுக்குக் குறுக்கே என் படகு போய்ச் சாய்ந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஜனங்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அந்தச் சத்தம், நார்க்கண்ணாடியின் மேல் இரும்பு உராயும் சத்தம், இப்போதும் சில இரவுகளில் எனக்குக் கேட்கும்.

துறையின் ஊழியர், அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர், அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். "திராங்கீலோ" என்றார்; பதறாதே என்று அர்த்தம். ஒரு கயிற்றை எதிர்மேடைக்கு எறியச் செய்து, என் படகை மெல்ல விலக்கிக் கட்டிக் கொடுத்த பிறகு, சூரியனைக் காட்டி, அது கீழே இறங்குவதைப் போலக் கையை இறக்கினார்; பிறகு வாயைக் குவித்து ஊதி, ஊதுவதைப் படிப்படியாய் நிறுத்தினார்; கடைசியில் வாசலுக்குப் பக்கத்தில் காலியாய்க் கிடந்த காத்திருப்பு மேடையைச் சுட்டிக்காட்டினார். சூரியன் சாய்ந்தால் காற்று அடங்கும், அதுவரை நீ அங்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமே என்கிறார். ஒரு வார்த்தையும் வீணாகாத உபதேசம். கீறலுக்கான பணத்தை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன்.

நீ தோட்டத்துப் பிள்ளை. இதை நான் உனக்கு வேறு பாஷையில் சொல்ல முடியும். உன் தாயார் பாலுக்காக மரம் வெட்டிய காலத்தில் அவர்கள் கையைக் கவனித்திருக்கிறாயா? பாலோடும் குழாய்கள் பட்டையின் உள்ளோரத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றுக்கு அடுத்தாற்போல், ஒரு மில்லிமீட்டர் தள்ளி, மரம் வளர்வதற்கு ஆதாரமான மெல்லிய படலம். கத்தி மேலோடு போனால் மங்கில், அதாவது பால் ஏந்தும் கிண்ணத்தில், பால் விழாது. அந்தப் படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகி, பிறகு வெட்டுக்கே லாயக்கில்லாமல் போய்விடும். புதிதாய் வந்தவன் வேகமாய் வெட்டிக் காயம் பண்ணுவான். பழகினவனும் வேகமாய்த்தான் வெட்டுவான். ஆனால் ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் ஒரு கணம் நிற்பான். நெற்றி விளக்கின் ஒளியில் நேற்றைய வெட்டைப் பார்ப்பான். எந்த மரமும் மற்றொரு மரம் அல்ல என்பது அவனுக்குத் தெரியும். துறை வாசலில் நீ நிற்க வேண்டியதும் அந்த ஒரு கணம்தான். படகுக்கு அது அரைமணி நேரம் ஆகும், அவ்வளவே.

அந்த அரைமணியில் என்ன செய்வது என்று கேட்பாய். வாசலுக்கு வெளியே, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் படகை நிறுத்தி, இயந்திரத்தை நடுநிலையில் போட்டுவிட்டுச் சும்மா இரு. படகு தானாக எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகமாய் நகர்கிறது என்று பார். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து உன்னை என்ன செய்ய நினைக்கின்றன என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது. உள்ளே தெரியும் பாய்மர உச்சிகளில் சுழலும் காற்றாடிகளைப் பார். வெளியே ஒரு திசையும் உள்ளே ஒரு திசையுமாய் இருந்தால், கட்டடங்கள் காற்றை ஒடிக்கின்றன என்று அறிந்துகொள். மாடிகளில் காயும் துணிகள்கூட உதவும். உள்ளூர்ப் படகு ஒன்று உள்ளே போனால், அது வாசலின் நடுவில் போகிறதா, ஒரு சுவரை ஒட்டிப் போகிறதா என்று கவனி. ஒட்டிப் போனால், எதிர்ப்பக்கத்தில் மணல் இருக்கிறது. கயிறுகளையும், ஃபெண்டர் என்னும் காற்று உருளைகளையும் இரண்டு பக்கமும் கட்டி வை. எந்தப் பக்கம் கட்டச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே நினைத்துக்கொள்வது, பரீட்சையில் ஒரே கேள்விக்குப் படித்துக்கொண்டு போவது மாதிரி. விளக்குகளில் உனக்குக் குழப்பம் வராது: நம் நாட்டைப் போலவே அங்கும், கடலிலிருந்து உள்ளே நுழையும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. என்றைக்காவது அமெரிக்கக் கரைக்கோ பிலிப்பைன்ஸுக்கோ போனால்தான் அது தலைகீழாகும்.

எல்லாம் ஆன பிறகும் மனசுக்குச் சரியாகப் படாவிட்டால், திரும்பிப் போய்விடு. இதைச் சொல்வதற்குத்தான் இத்தனை தூரம் சுற்றினேன். உள்ளே பாதி தூரம் போய், சந்தின் வாயில் நின்று, படகு கைக்கு அடங்கவில்லை என்று கண்டால், வெட்கப்படாமல் வெளியே வந்து மறுபடி சுற்று. மூன்றுதரம் சுற்றினவனைப் பற்றி அந்த ஊரில் யாரும் மறுநாள் பேசமாட்டார்கள். ஒரேதரம் நுழைந்து இடித்தவனைப் பற்றி வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

கலீசியாவில் நீ ஆரம்பிப்பது ஒருவிதத்தில் நல்லது. அங்கே அமாவாசை பௌர்ணமியை ஒட்டி 3 மீட்டருக்கு மேல் நீர் ஏறி இறங்கும். லங்காவியில் பழகின உனக்கு அது வீடு மாதிரி. ஆனால் அந்த உள்வாங்கிய கழிகளில் சிப்பி வளர்க்கும் மரத் தெப்பங்கள் நூற்றுக்கணக்கில் வரிசை வரிசையாய் நிற்கும். கோடையில் திடீரென்று மூடுபனி வந்தால் அவை ஒவ்வொன்றும் ஒரு தீவு. லா கொருஞாவில் ரோமர்கள் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது, பார்க்காமல் வராதே. வீகோவுக்கு அடுத்த பயோனாவில், 1493 மார்ச் முதல் தேதி, கொலம்பஸின் துணைக்கப்பலான பிந்தா கரை சேர்ந்து, புதிய உலகத்தின் சேதியை ஐரோப்பாவுக்கு முதன்முதலாகச் சொல்லிற்று. அதற்குத் தலைவனான மார்ட்டின் அலோன்சோ பின்சோன் போய்ச்சேர நினைத்த துறை அதுவன்று. புயல் கொண்டுபோய்ச் சேர்த்த துறை. கலீசியாவிலிருந்து ஜலசந்தி வரையில் ஓர்க்கா திமிங்கிலங்கள் 2020 முதல் படகுகளின் சுக்கானைக் கடித்து விளையாடுகின்றன; அதற்கான எச்சரிக்கைகளைத் தினமும் பார்த்துக்கொள். பர்பாத்தே, தரீபா பக்கத்தில் வசந்த காலத்தில் சூரைமீனுக்காகக் கரையிலிருந்து கடலுக்குள் மைல்கணக்கில் வலைவேலி கட்டுவார்கள். நம் கடலில் மீன்பிடிக்கக் கட்டும் கேலோங்கைப் போன்றதுதான், பத்து மடங்கு பெரிது. ஜலசந்தியில் கிழக்கத்திக் காற்றுக்கு லெவாந்தே என்றும், மேற்கத்திக் காற்றுக்குப் போனியெந்தே என்றும் பெயர். வாடை, கொண்டல், கச்சான் என்று நம்மவர்கள் பெயர் வைத்ததைப் போலத்தான். காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிற ஊரில் அந்தப் பெயரை யாராவது உச்சரித்தால், முகத்தைக் கவனி. ஜலசந்தி தாண்டினால் நீர் ஏற்ற இறக்கம் ஒரு சாண், இரண்டு சாண். அதற்குப் பதிலாகத்தான் நான் சொன்ன அந்த அடிக்கயிறு வந்து சேரும். கதலோனியா வரை நீ போகாவிட்டாலும் ஒன்று தெரிந்துகொள்: அந்தப் பக்கத்து மீன்பிடிக் கப்பல்கள் பொழுது சாயும் வேளையில் கூட்டமாகத் திரும்பும். அப்போது வாசலில் நிற்காதே. அவர்களுக்கு அது வீடு, உனக்கு விடுதி.

மரினா என்ற சொல்லைக் கேட்டால் நம் ஜனங்களுக்குச் சென்னைக் கடற்கரைதான் ஞாபகம் வரும். ஸ்பெயினில் அது உல்லாசப் படகுகள் கட்டும் துறை. பெரும்பாலான துறைகள் ரேடியோவில் 9ஆம் அலைவரிசையில் பதில் சொல்லும். பேசுவதற்கு முன் இரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டிரு. வேறொருவன் பேச்சின் நடுவில் புகுவது எல்லாத் தேசத்திலும் அவமரியாதை. முதலில் வணக்கம் சொல். பிறகு படகின் பெயரையும் எஸ்லோரா, மாங்கா, காலாதோ மூன்றையும் கேட்பார்கள். நீளம், அகலம், நீருக்குள் இறங்கும் ஆழம். நம் காதுக்கு 'மாங்கா' என்று கேட்டதும் சிரிப்பு வரும், ரேடியோவில் சிரித்துவிடாதே. மிதவை மேடைக்குப் பந்தலான் என்பார்கள். கேட்டவுடன் நம் பந்தல்தான் என்று துள்ளாதே. அது பிலிப்பைன்ஸ் தீவுகளின் மொழியிலிருந்து ஸ்பானியர் கொண்டுபோன சொல். நம் பக்கத்துக் கடலிலிருந்து புறப்பட்ட சொல் ஒன்று, உனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்து காத்திருக்கிறது. ஒன்று முதல் பத்து வரை ஸ்பானிய எண்களைப் படித்துவை. எந்தப் பந்தலான், எத்தனையாவது சந்து என்று அவர்கள் வேகமாய்ச் சொல்லும்போது உயிர்போகும் அவஸ்தை. மத்தியானம் 2 மணிக்கு மேல் சிறு துறைகளில் ஆபீசைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருப்பார்கள். கோபித்துக்கொள்ளாமல் காத்திருப்பு மேடையில் கட்டிக்கொண்டு நீயும் சமைத்துச் சாப்பிடு. பாஸ்போர்ட், படகின் பதிவுப் பத்திரம், காப்புறுதிப் பத்திரம், ஆள்களின் பட்டியல் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

மேடையில் கயிறு வாங்க வருகிற மனிதரை வேலைக்காரன் என்று நினைத்துவிடாதே. அந்தத் துறையின் நச்சினார்க்கினியர் அவர்தான். வரைபடம் மூலம் என்றால், உரை அவரிடம் இருக்கிறது. கயிற்றை எறிவதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்து, எந்தக் கயிறு முதலில் வேண்டும் என்று கேள். அடிக்கயிற்றை உன் துணையாள் கையில் எடுக்கும்போது இயந்திரம் நடுநிலையில் இருக்க வேண்டும். இதை மட்டும் நீயே வாய்விட்டுச் சொல்லி, அவனும் திருப்பிச் சொன்ன பிறகு தூக்கச் சொல். அந்தக் கயிறு மாதக்கணக்கில் கடலடியில் கிடந்து, பாசியும் சேறும் ஏறி, சின்னஞ்சிறு சிப்பிகள் ஒட்டி, ரம்பத்தைப் போல இருக்கும். ஒருதரம் வெறுங்கையால் இழுத்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

உன் தாயாரிடம் என் தோல் கையுறை ஒரு ஜோடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். வலக்கைக்கானதில் கட்டைவிரலை ஒட்டித் தையல் பிரிந்திருந்தது; இன்று காலை, ஜெராய் உச்சியில் மேகம் விலகுவதற்கு முன்னே, திண்ணையில் உட்கார்ந்து தைத்துவிட்டேன். நூல் மட்டும் வேறு நிறம்.

அன்புடன்,
உன் பெரியப்பா
குருண், கெடா